படுக்கையில் விழுந்த பட்டாளத்துக்காரரைத் தாங்குவது யார்?

(தென்காசியில் முன்னாள் படைவீரர்களும் பீடித் தொழிலாளர் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளியே சாரல் அடிக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு, ஜனங்கள் எண்ணெய்க் குப்பியும் துண்டுமாக பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் கம்போடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் நாம் இன்று பேசப்போவது இங்கே வந்தவர்களைப் பற்றி அல்ல, வர முடியாதவர்களைப் பற்றி.

சென்ற மாதம் நாங்கள் கீழப்பாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். பீடித் தொழிலாளர்களின் கூலி சம்பந்தமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் மருமகள் மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர். நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1966இல், 18 வயதில், பட்டாளத்தில் சேர்ந்தார். 1971 யுத்தத்தில் கிழக்கு எல்லையில் இருந்தவர். 17 ஆண்டு பணி முடித்து ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஒரு மில்லில் காவல்காரராக நின்றார். இப்போது எண்பதை நெருங்குகிறார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து நான்கு ஆண்டாகிறது.

அவருடைய மனைவி எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்கா, நாலு மணிக்கு ஒருக்கா புரட்டிப் போடணும். இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். அவுக கனத்த உடம்பு. நான் ஒருத்தியா என்ன செய்ய? மருமகளை எழுப்பணும். அவ பகல் பூரா பீடி சுத்தினவ."

படுக்கையாய்க் கிடக்கிற ஒரு மனிதருக்கு என்னென்ன வேண்டும் என்று அன்று அந்த வீட்டில் நின்று கணக்குப் பார்த்தோம். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். மூத்திரக் குழாயைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காய்ச்சல் வரும். குழையப் பிசைந்து ஊட்ட வேண்டும். புரையேறாமல் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டயப்பர் வேண்டும், தண்ணீர் மெத்தை வேண்டும். டாக்டரிடம் காட்டுவதென்றால் வண்டி வேண்டும், தூக்கி ஏற்ற ஆள் வேண்டும். மருந்து கிடைக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடக்கிறது. அதில் அவர் உறுப்பினர். மாத்திரையைப் பற்றி அந்த அம்மாள் ஒரு குறையும் சொல்லவில்லை. மாத்திரையை வாயில் போட, ஆளைத் தூக்கி உட்கார வைக்க, துடைக்க, மாற்ற ஒரு கை வேண்டும் என்கிறார். அந்தக் கைக்குக் கூலி கொடுப்பது யார்?

உடனே பலர் சொல்வார்கள்: அதற்கென்று ஒரு படி இருக்கிறதே, நிரந்தர உதவியாளர் படி என்று சர்க்கார் கொடுக்கிறார்களே என்று. உண்மைதான், இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலாவது, ஊனம் பணியினால் ஏற்பட்டதாகவோ பணியினால் மோசமானதாகவோ ஒப்புக்கொள்ளப்பட்டு, அவர் ஊன பென்ஷன் பெறுகிறவராக இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த ஊனம் நூற்றுக்கு நூறு என்று மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, இவருக்கு எந்நேரமும் ஒரு ஆள் கூட இருக்க வேண்டும் என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனையும் இருந்தால், 7வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017இல் நிர்ணயித்த தொகை மாதம் 6,750 ரூபாய். பஞ்சப்படி 50 சதவீதத்தை எட்டும்போது இதில் கால் பங்கு கூடும் என்பது விதி.

இந்தத் தொகையை நாளுக்குப் பிரித்தால் 225 ரூபாய். உதவியாளர் 'நிரந்தரம்' என்கிறார்களே, அதாவது இருபத்துநாலு மணி நேரம். மணிக்குப் பத்து ரூபாய்கூட வரவில்லை. கால் பங்கு கூட்டிப் பார்த்தாலும் மணிக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு எட்டவில்லை. கூலி போதாது என்று வாதாட வேண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்முடைய நாயக்குக்கு அதுவும் கிடையாது. ஏன்? அவருக்குக் குண்டு படவில்லை. பக்கவாதம் பட்டாளத்தில் வரவில்லை. ஓய்வு பெற்று நாற்பது ஆண்டு கழித்து வீட்டுத் திண்ணையில் வந்தது. ஆகவே அது பணியினால் வந்த நோய் அல்ல, முதுமையினால் வந்த நோய். முதுமைக்கு விதியில் இடமில்லை.

இடமே இல்லையென்று சொன்னால் நாம் அநியாயமாகப் பேசியவர்கள் ஆவோம். எண்பது வயது முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயது நிறைந்தால் இரட்டிப்பு. ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு வந்த நல்ல ஏற்பாடு இது, மறுக்கவில்லை. ஆனால் பக்கவாதம் எண்பது வயது ஆகட்டும் என்று வாசலில் காத்து நிற்பதில்லை. 65 வயதில் 5 சதவீதம், 70இல் 10, 75இல் 15 என்று முன்கூட்டியே கொடுக்கத் தொடங்குங்கள் என்று பார்லிமெண்ட் நிலைக்குழுவே 2021இல் சிபாரிசு செய்தது. சிபாரிசு செய்தவர்களில் ஆளும் கட்சியாரும் உண்டு என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

தோழர்களே, நோய் எப்படி வந்தது என்று கேட்பது ஒரு கேள்வி. இந்த மனிதருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்பது வேறொரு கேள்வி. நம் சர்க்கார் முதல் கேள்வியை மட்டும் கேட்கக் கற்றிருக்கிறது. அந்தக் கேள்வியிலும்கூட நெடுங்காலம் சிப்பாயின் பக்கம் நியாயம் நிற்கவில்லை. சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்த தரம்வீர் சிங் என்பவரை வலிப்பு நோய் என்று சொல்லி 1994இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இது பணியினால் வந்ததல்ல, உடம்போடு பிறந்தது என்றார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல, வேலை வாங்கியவர்களுடையது. இந்த நியாயத்தைப் பெற ஒரு சிப்பாய்க்குப் பத்தொன்பது ஆண்டு ஆயிற்று. நம் பக்கத்து ஆள் ராணுவ நியாய மன்றத்துக்குப் போக வேண்டுமானால் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். படுக்கையில் கிடப்பவர் எந்தப் பெட்டியில் ஏறுவார்?

இனி, பென்ஷனே இல்லாதவர்கள். பட்டாளத்தில் இருந்தவர் எல்லோருக்கும் பென்ஷன் உண்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 ஆண்டுப் பணி வேண்டும். அறுபதுகளில் சேர்ந்தவர்களில் சில ஆண்டு நேர்ப்பணியும் சில ஆண்டு ரிசர்வுமாக இருந்து, பதினைந்து நிறைவதற்குள் கணக்கு முடிக்கப்பட்டவர்கள் உண்டு. அதற்கு முன்னால், இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. யுத்தம் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோரைக் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினான் வெள்ளைக்காரன். பர்மாக் காட்டிலும் வட ஆப்பிரிக்க மணலிலும் நின்றவர்கள், வந்து வயலில் இறங்கினார்கள்.

இப்படிப் பென்ஷன் இல்லாமல், ஹவில்தார் பதவி வரை இருந்து, 65 வயது கடந்து, வேறு வருமானம் இல்லாதவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய சர்க்கார் ஒரு வறுமை நிவாரணத் தொகை கொடுக்கிறது. நீண்ட நாள் மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது. பிறகு நாலாயிரம் ஆனது. 2025 நவம்பர் முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு எட்டாயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள். இதை வரவேற்கிறோம். நல்லது நடந்தால் நல்லது என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கொடிநாள் நிதியிலிருந்து. ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் உண்டியலில் வாங்குகிறோமே, 1949 முதல் நடந்து வருகிற அந்த வசூல். பீரங்கி வாங்க பட்ஜெட். பீரங்கியோடு நின்றவனின் கிழப்பருவத்துக்கு உண்டியல். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று 1982 டிசம்பர் 17இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு சொல்லிவிட்டது. நகாரா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பென்ஷன் உரிமையென்றால், அதே உழைப்பாளி கை கால் விழுந்து கிடக்கும்போது அவரைத் தூக்குகிற கை மட்டும் எப்படித் தருமம் ஆகும்?

2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்று அந்த ஆண்டு நவம்பரில் உத்தரவு வந்தது. 2014 ஜூலை முதல் கணக்கு. நல்ல வெற்றி. ஆனாலும் பென்ஷன் எவ்வளவு என்பதிலேயே எல்லோருடைய கவனமும் நின்றுவிட்டது. படுக்கையில் விழுந்தால் என்ன ஏற்பாடு என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரர் விஷயம் என்றால் அது அவர்களுடைய சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் தோழர்கள் ஒதுங்கியிருந்ததும் உண்டு. இன்று அதை ஒப்புக்கொண்டுதான் இந்த மேடையில் நிற்கிறோம்.

இங்கே ஒரு தாயார் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எங்களிடம் கேட்டார். அதை மறைத்து வைத்துக்கொண்டு பேசுவது நேர்மை அல்ல. அவர் கேட்டது இது: "பட்டாளத்தாருக்காவது பென்ஷன் வருது, ஆஸ்பத்திரி அட்டை இருக்கு. நான் நாப்பது வருஷம் பீடி சுத்தினேன். எனக்கு என்ன இருக்கு? அவங்களுக்கே இன்னும் கொடுக்கணும்னு ஏன் பேசுதீக?"

நியாயமான கேள்வி. பிராவிடண்ட் பண்டு பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது மாதம் ஆயிரம் ரூபாய். பீடித் தொழிலாளர்கள் பலருக்கு வந்தது அந்த ஆயிரத்தை ஒட்டிய தொகைதான். ராணுவ பென்ஷனில் 2016 முதல் குறைந்தபட்சம் ஒன்பதாயிரம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அம்மா, சிப்பாயின் பென்ஷனைக் குறைத்தால் உங்கள் ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடாது. இந்த ஜில்லாவில் பட்டாளத்து வீடும் பீடி வீடும் பெரும்பாலும் ஒரே வீடுதான். ஆண்பிள்ளை பட்டாளத்தில், பெண்பிள்ளை தட்டோடு. அவர் எல்லையில் நின்ற பதினேழு ஆண்டு, பிள்ளைகளை வளர்த்தது, மாமியாரைப் பார்த்தது, கடனை அடைத்தது யார்? அவர் திரும்பி வந்து கிழவராகிப் படுத்த பிறகு அவரைப் புரட்டிப் போடுவது யார்? அதே பெண். இருபத்துநாலு மணி நேர உதவியாளர் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியிருப்பது அந்தப் பெண்ணைத்தான். அவளுக்குப் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. அவள் கணவனைப் புரட்டுகிற நேரத்தில் சுற்றாமல் விட்ட பீடிக்குக் கடையில் கூலி கிடையாது. எண்ணிக்கை குறைந்தால் குறைந்ததுதான்.

அந்த மருமகளிடம் கேட்டோம், மாமனார் விழுந்த பிறகு வேலை எவ்வளவு குறைந்தது என்று. "முன்னால ஆயிரம் சுத்துவேன் அண்ணாச்சி. இப்ப ஐநூறு தேறினாப் பெரிசு" என்றார். பாதிக் கூலி போயிற்று. இந்த நஷ்டம் எந்தச் சம்பளக் கமிஷன் அறிக்கையிலும் ஏறவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் காலமானால் குடும்ப பென்ஷன் மனைவிக்கு வரும். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அந்த அம்மாள் பின்னால் படுத்துவிட்டால்? உதவியாளர் படி ஊனமுற்ற சிப்பாய்க்குத்தான். சிப்பாயைப் பத்தாண்டு தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த விதவைக்கு அல்ல. அவளுடைய இடுப்பு வலி பணியினால் வந்ததா இல்லையா என்று எந்த மருத்துவக் குழு விசாரிக்கும்?

அமெரிக்காவில் எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த நாட்டுச் சர்க்காரின் யுத்த வெறியைப் பற்றி நம் கருத்து உங்களுக்குத் தெரியும்; அதை இன்று எடுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு விதி இருக்கிறது. யுத்த காலத்தில் பணியாற்றிய, வருமானம் குறைந்த முன்னாள் படைவீரர், பிறர் உதவியில்லாமல் குளிக்க, உடுக்க, உண்ண முடியாத நிலைக்கு வந்தால் பென்ஷனோடு கூடுதல் தொகை சேர்த்துத் தருகிறார்கள். நோய் யுத்தத்தில் வந்ததா என்று கேட்பதில்லை. விதவைக்கும் அந்த ஏற்பாடு உண்டு. ஜெர்மனியில் 1995இலும் ஜப்பானில் 2000இலும் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். பட்டாளத்துக்காரர், ஆலைத் தொழிலாளி என்ற வித்தியாசமில்லாமல், நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனி இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தார்கள். முதலாளித்துவ நாடுகள்தான். ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள்.

பிரான்ஸில் ராஜா பதினாலாம் லூயி 1670இல் ஊனமுற்ற சிப்பாய்களுக்கு மாளிகை கட்ட உத்தரவிட்டான். லண்டன் செல்சியில் 1682இல் இரண்டாம் சார்லஸ் கட்டத் தொடங்கினான். தெருவில் பிச்சையெடுக்கும் பழைய சிப்பாயைப் பார்த்தால் புதிய சிப்பாய் சேரமாட்டான் என்பது ராஜாக்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நம் பக்கத்துக் கதை வேறு. கும்பினியின் அதிகாரிகள் பாளையங்கோட்டை வெயில் தாங்காமல் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து பங்களாவில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் பல்லக்கைத் தூக்கி வந்தவனுக்கும் ஒரு பங்களா கட்டினார்கள் என்று நாம் எங்கும் படித்ததில்லை.

சரி, வேண்டும் வேண்டும் என்கிறீர்களே, செய்ய முடியுமா என்று கேட்பார்கள். செய்ய முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஆய்க்குடி. அந்த ஊர் எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். உடற்பயிற்சிச் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். தேர்வுக்குப் போனவரே தவிர, பணியில் சேர்ந்தவர் அல்ல. பட்டாளத்துக் கணக்கில் அவர் எந்தப் பத்தியிலும் வரமாட்டார். ஊருக்குத் திரும்பி, 1981இல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே போய் உட்காரவும் உருளவும் தொழில் செய்யவும் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தவர்கள், இது போல ஒன்றை சர்க்கார் செலவில் ஜில்லா தோறும் ஏன் வைக்கக் கூடாது என்று யோசித்தார்களா? இடுப்புக்குக் கீழ் செயலிழந்த படைவீரர்களுக்கென்று இருக்கும் பெயர்பெற்ற இல்லங்கள் ஒன்று புனே பக்கத்தில் கிர்க்கியில், 1974இல் தொடங்கியது. மற்றொன்று பஞ்சாபில் மொகாலியில், 1978இல். தென்காசித் தாலுகாக்காரர் தமிழ் பேச ஆளில்லாமல் அங்கே போய்ப் படுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே இருக்க வேண்டும்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே 1993இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய நோய்தணிப்புப் பராமரிப்பு, அக்கம்பக்கத்து ஜனங்களின் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் இடதுசாரி சர்க்கார் அதைக் கொள்கையாக அறிவித்தது. ஊராட்சியிலிருந்து நர்சு வீட்டுக்கே வருகிறார். குழாய் மாற்றுகிறார், புண் கழுவுகிறார், வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாசலுக்கு வந்தது. இயன்முறை சிகிச்சையும் நோய்தணிப்புச் சிகிச்சையும் அதன் பட்டியலில் உண்டு. கிராமத்துப் பெண்கள் தன்னார்வலர் என்ற பெயரில், சொற்ப ஊக்கத்தொகைக்கு அந்த மருந்துப் பையைச் சுமந்தார்கள். வேலை வாங்கும்போது ஊழியர், கூலி கேட்கும்போது தன்னார்வலர்! அது இருக்கட்டும். வழி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

ஆகவே நாம் கேட்பது இது. உதவியாளர் படியைக் காரணம் பார்த்துக் கொடுக்காமல் தேவை பார்த்துக் கொடுக்க வேண்டும். தானாக எழுந்து உட்கார முடியாத முன்னாள் படைவீரர் எவராயினும், அவருடைய விதவையாயினும், பென்ஷன் உள்ளவராயினும் இல்லாதவராயினும், உள்ளூர் டாக்டர் பார்த்து எழுதினால் போதும் என்று வர வேண்டும். வீட்டுப் பெண் அந்த வேலையைச் செய்தால் தொகை அவள் பெயருக்கே வர வேண்டும். அவளுக்கு மாதத்தில் நாலு நாளாவது ஓய்வு கிடைக்க, மாற்று ஆள் வேண்டும். படுக்கையானவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளத் தென்காசியிலேயே ஒரு விடுதி வேண்டும். இது பட்டாளத்தாரோடு நிற்கவும் கூடாது. பட்டாளத்து வீட்டுக்கு வருகிற நர்சு, அடுத்த வீட்டுப் பீடிக்காரப் பாட்டியையும் பார்த்துவிட்டுப் போகட்டும். வாசலுக்கு வந்த நர்சு பக்கத்து வீட்டுப் படியை ஏறாமல் போவானேன்?

இதை இப்போதே கேட்காவிட்டால் இனி கேட்கும் ஆளும் குறைந்துபோகும். 2022 ஜூனில் அக்னிபத் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நாலு ஆண்டுப் பணி. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டும் நிரந்தரம். மற்றவர்களுக்குக் கையில் ஒரு தொகை, அவ்வளவுதான். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. இந்தப் பக்கத்து இளைஞர்கள் விடிகாலையில் ரோட்டோரம் ஓடிப் பழகுவதை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கும் ஒரு நாள் எழுபது வயது ஆகும். அன்று அவர்கள் முன்னாள் என்னவென்று காகிதத்தில் எழுதுவார்கள்? யுத்தம் வேண்டாம் என்பவர்கள் நாங்கள். யுத்தத்துக்கு அனுப்பப்படுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இனி காரியத்துக்கு வருவோம். பின்னால் மேஜையில் தோழர்கள் இருவர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் படுக்கையாய் இருக்கும் முன்னாள் படைவீரர், விதவை யாராயினும் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா, பென்ஷன் உத்தரவு இருக்கிறதா, எத்தனை ஆண்டுப் பணி என்பதையும் சொல்லுங்கள். புத்தகம் கரையான் அரித்துப் போயிருந்தாலும் பட்டாள எண் நினைவிருந்தால் சொல்லுங்கள். நகல் கேட்டு எழுதிப் பார்க்கலாம். பென்ஷனே இல்லாத 65 வயதுக்காரர்கள், அந்த எட்டாயிரத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலம் விண்ணப்பம் போட வேண்டும். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. காசு கொடுத்து யாரிடமும் எழுத வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டுமே, அதற்காகப் படுக்கையில் இருப்பவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பம் ஒன்றை எங்களுக்குத் தெரியும். ஒரு அலுவலகத்தில் ரேகை பதியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பென்ஷன் இரண்டு மாதம் நின்றது. அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார். அதற்கு 70 ரூபாய் கட்டணம் என்று வைத்திருக்கிறார்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் முறையும் 2021 முதல் வந்திருக்கிறது.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். பெயர்ப்பட்டியலோடு மனுக் கொடுக்கப் போகிறோம். படுக்கையில் இருப்பவர்களைத் தூக்கி வந்து காட்ட வேண்டும் என்று ஒரு தோழர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர்களைப் புரட்டிப் போடுகிற பெண்கள் வரட்டும். அன்று ஒரு நாள் அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு சொந்த வேலை. அந்தக் கீழப்பாவூர்ப் பக்கத்து நாயக்கிடம் நாங்கள் விடைபெறும்போது, ஏதாவது வேண்டுமா ஐயா என்று கேட்டோம். வாய் கோணிய பேச்சு. மருமகள்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். "குத்தாலச் சாரல்ல ஒருக்கா உக்காரணுமாம்" என்றார். டாக்டரைக் கேட்டோம். அருவிக்கடியில் கூடாது, தள்ளி நாற்காலியில் உட்கார வைத்துத் தூவானம் படட்டும் என்றார். சக்கர நாற்காலி ஒன்று கிடைத்திருக்கிறது. வண்டியும் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கூட்டம் வருவதற்கு முன்னால் ஐந்தருவிக்குப் போகிறோம். கனத்த உடம்பு. தூக்க நாலு பேர் வேண்டும். வருகிறவர்கள் பின்னால் மேஜையில் பெயர் கொடுங்கள்.